கத்தரீனாவின் இருபத்தைந்து வாட்

குருசுமுத்துவின் லவுட்ஸ்பீக்கர் ஊர்காவற்றுறையில் பாடத் தொடங்கினால் நயினாதீவில் மாடு கயிற்றை அறுக்கும் என்று ஒரு பகிடி இருந்தது. அதைப் பகிடி என்று குருசுமுத்து மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. பெருநாள் வந்தால் நாலு கோண் ஸ்பீக்கரைத் தென்னையில் உயர்த்திக் கட்டி, பக்கத்து ஊர்க்காரனின் செற்றை அமத்திப் பாடவிடுவதில்தான் அவனுடைய மானமே இருந்தது. "சத்தமெண்டால் கடல் தாண்டோணும்" என்பான். பாட்டு விளங்குதா என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிராது.

கடை வாசலில் "குருசு சவுண்ட் சேர்விஸ்" என்று பலகை. உள்ளே மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு சீலைத் திரை, திரைக்குப் பின்னால் அவனுடைய தங்கச்சி கத்தரீனா. அம்பிளிபையர் எரிந்தாலும் றேடியோ ஊமையானாலும் திருத்துகிறவள் அவள்தான். குருசுமுத்துவுக்கு பியூஸ் மாற்றத் தெரியும், அதுவும் கரண்ட் நின்ற நேரத்தில். ஆனால் யாராவது "ஆர் அண்ணை திருத்தினது?" என்று கேட்டுவிட்டால் போதும். நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, "வேறை ஆர்? நான்தான்" என்பான்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்து தொண்ணூற்றாறில் கடை திறந்த நாளிலிருந்து இதே கதை. பொம்பிளைப்பிள்ளை கை வைத்ததென்று தெரிந்தால் சனம் சாமானைக் கொண்டுவராது என்று அண்ணன் சொன்னான். முதல் வருசம் அவள் அதை நம்பினாள். இரண்டாம் வருசம் சிரித்தாள். மூன்றாம் வருசம் கோபம் வந்தது, வந்த கோபம் போகவில்லை. ஏழாம் வருசம் புங்குடுதீவு அரியநாயகம் வந்தார்.

கொழும்பில் மூன்று கடை வைத்திருந்த குடும்பம் அரியநாயகத்துடையது. கலவரத்தோடு லண்டனுக்குப் போனவர், பாதை திறந்ததும் மனைவி அன்னபூரணத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தார். வரும்போது ஐந்நூறு இசைத்தட்டுகளும், ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும், ஒரு இங்கிலாந்து அம்பிளிபையரும் கொண்டுவந்தார். தீவின் காற்றும் தண்ணீரும் அவருக்கு ஒத்துக்கொண்டன. அம்பிளிபையருக்கு அவருடைய ஜெனரேற்றர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அது வெறிபிடித்து முந்நூறு வோல்ற்றைத் தள்ள, பாடிக்கொண்டிருந்த பெட்டி புகைந்து செத்தது.

"வையுங்கோ ஐயா, ரெண்டு நாளிலை பாடும்" என்றான் குருசுமுத்து, வழக்கம்போல.

கத்தரீனா மூடியைக் கழற்றினாள். ஒரு கிழமை அதை மூடவேயில்லை. சும்மா சொல்லக்கூடாது, வெள்ளைக்காரன் வடிவாகத்தான் செய்திருந்தான். வயர் ஒவ்வொன்றும் தலைவாரி விட்டதுபோலக் கிடந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறெரிந்தது. இடது பக்கப் பாட்டுக்கும் வலது பக்கப் பாட்டுக்கும் சேர்த்து ஒரேயொரு ரான்ஸ்போமர். ஒரு பக்கம் மேளம் அதிர்ந்தால் மறுபக்கத்துக் குழலுக்குச் சாப்பாடு குறையுமே! சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியோ சந்தையில் கிடைக்கிற மலிவுச் சாமான். இந்த விலைக்கு இதையா வைத்தாய் பாவி என்று வாய்விட்டே கேட்டாள்.

அரியநாயகம் இரண்டாம் முறை வந்தபோது அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஐயா, இது கரிஞ்சு போச்சு. உயிர் குடுக்க ஏலாது. ஆனா இதைவிடத் திறமா ஒண்டு நான் செய்து தருவன்."

குருசுமுத்துவுக்கு முகம் கறுத்தது. அரியநாயகம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரோ?"

"ஓம். ஏழு வருசமா இந்தக் கடையிலை எல்லாம் திருத்துறது நான்தான்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பிள்ளை, இங்கிலாந்திலை தலைமுறை தலைமுறையாச் செய்யிறாங்கள். நீர் ஊராத்துறையிலை, லவுட்ஸ்பீக்கர் கடைக்குப் பின்னாலை இருந்து? கழுதை அறியுமோ கற்பூர வாசனை எண்டு சும்மாவோ சொன்னவை?"

அந்தக் கழுதைதான் அவளைச் செய்யவைத்தது. இல்லாவிட்டால் பேசாமல் திரைக்குப் பின்னால் போயிருப்பாள்.

"நீங்கள் லண்டனிலையிருந்து புதுசா ஒண்டு எடுப்பியுங்கோ ஐயா. நான் ஒண்டு செய்யிறன். ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு, வள்ளத்துப் பாய்ச்சீலையாலை மறைப்பம். எது எது எண்டு காதாலை கேட்டுச் சொல்லுங்கோ. என்ரை பெட்டியிலை என்ரை பேரைப் போடுவன். நீங்கள் சரியாச் சொன்னால் அதை நானே சுரண்டிப்போட்டு, சாகுமட்டும் திரைக்குப் பின்னாலை இருப்பன். பிழைச்சால், அந்தப் பெட்டி அந்தப் பேரோடை உங்கடை வீட்டு ஹோலிலை இருக்கோணும்."

"பேரோடை?"

"ஓம், முன்பக்கத்திலை."

அரியநாயகத்துக்குப் பகிடி பிடித்தது. சரி என்றார்.

ஐந்து மாதம். குருசுமுத்து தினமும் எட்டிப் பார்த்து ஒரு குறை சொல்லிவிட்டுப் போனான். "எத்தினை வாட்?" என்றான். இருபத்தைந்து என்றாள். "என்ரை செற் ஐந்நூறு" என்றான். "ஒரு அறைக்குள்ளை ரெண்டு பேர் இருந்து கேக்கிறதுக்கு உன்ரை ஐந்நூறு எதுக்கண்ணை, சுவரை இடிக்கவோ?" என்றாள். பாஸ் திருகி எங்கே, ட்ரெபிள் திருகி எங்கே, பாட்டுக்கு ஆடுகிற லைற் எங்கே என்றான். எதுவும் இல்லை. முன்பக்கத்தில் இரண்டே இரண்டு திருகிகள். ஒன்று, எதைக் கேட்பது என்பதற்கு. மற்றது, எவ்வளவு கேட்பது என்பதற்கு. பாட்டு போகிற வழியில் எத்தனை சாமான் நிற்குதோ அத்தனை பேரும் அதில் கொஞ்சம் கடித்துத் தின்பார்கள் என்பது அவள் கணக்கு.

இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ரான்ஸ்போமர், இரண்டும் அவள் கையால் சுற்றியது. சுற்றை எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து எண்ணவேண்டும் என்பதால் அந்த நாட்களில் வீட்டில் எவரும் அவளோடு கதைக்கவில்லை. மலிவுத் திருகிக்குப் பதிலாக இருபத்து நாலு படி வைத்து ஒரு சுவிச் செய்தாள். பெட்டிக்குப் பக்கப் பலகை, உடைந்த வள்ளத்தின் பூவரசு.

எல்லாவற்றிலும் பெரிய பிடிவாதம் சூட்டில்தான். கிளாஸ் ஏ என்று புத்தகத்தில் போட்டிருந்த முறையை அவள் எடுத்துக்கொண்டாள். மற்ற அம்பிளிபையர்கள் பாட்டு வந்தால்தான் நித்திரையால் எழும்பும். இது எந்நேரமும் எழும்பி நிற்கும், அதனால் சின்னச் சத்தமும் தப்பாது. அதற்குக் கூலி சூடு. பாட்டு ஓடினாலும் கொதிக்கும், ஓடாமல் சும்மா கிடந்தாலும் அதே கொதிதான். அந்தச் சூட்டைக் காற்றில் கழிக்க இரண்டு பக்கமும் அலுமினியச் சிறகுகள் வைத்தாள். அரியநாயகம் எடுப்பித்த லண்டன் பெட்டியும் அதே முறை என்று அதன் கடதாசியில் இருந்தது. நல்லது, ஒரே தட்டில் நிறுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியாகப் பெயர். யாழ்ப்பாணத்தில் கலியாண எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவரிடம் ஒரு பித்தளைத் தகட்டைக் கொண்டுபோனாள். "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார். "ஒருத்தருக்கும் இல்லை, வெட்டுங்கோ" என்றாள். புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார்: கத்தரீனா, ஊர்காவற்றுறை.

சனிக்கிழமை காலை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அம்பிளிபையரை ஏற்றினார்கள். தாய் பிலோமினம்மா வாசலில் நின்று நெற்றியில் சிலுவை போட்டாள். பெட்டியை முதல்நாளே அவள் ஆசையாகத் துடைத்துக் கட்டி வைத்திருந்தாள். வள்ளம், நங்கூரம், சைக்கிள், கதவுப்பூட்டு, உப்புக்காற்றில் நிற்கிற எந்த உலோகத்துக்கும் சுறா எண்ணெய் பூசாவிட்டால் பிலோமினம்மாவுக்கு நித்திரை வராது. மகளுடைய அருமை பெருமையான பெட்டியை மட்டும் விடுவாளா? ஒரு சிறகு விடாமல் பூசிவிட்டிருந்தாள். கத்தரீனாவுக்கு அது தெரியாது. அந்த மணத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கு, அதற்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

புங்குடுதீவுப் பாலத்துக்கு முன்னால் நேவிக் காவலரண். சமாதானக் காலம் என்றாலும் சாக்கை அவிழ்த்துக் காட்டத்தான் வேண்டும். ஒரு பொடியன் நேவிக்காரன் பெட்டியைச் சுற்றிவந்து, யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டான். "கவுத ஹெதுவே?"

"மம" என்றான் குருசுமுத்து நெஞ்சைத் தட்டி. "மம, மம." அவனுக்குத் தெரிந்த சிங்களத்தில் 'நான்' என்ற சொல்தான் ஆக நன்றாகத் தெரியும்.

வைக்கோலில் இருந்த கத்தரீனா பல்லைக் கடித்தாள். இன்றைக்குப் பார்க்கலாம் என்று கடலைப் பார்த்தாள்.

அரியநாயகத்தின் ஹோலில் வாசனைக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, ஏழு நாளும் சைவம் சமைக்கிற வீடு. பாய்ச்சீலையைக் குறுக்கே கட்டி, இரண்டு பெட்டியையும் பின்னால் வைத்து, இரண்டையும் கத்தரீனா ஒன்றாகவே போட்டுச் சூடேற விட்டாள். ஸ்பீக்கர் வயரை ஒரு சுவிச்சில் கொண்டுவந்தாள். இந்தப் பக்கம் தட்டினால் அவளுடையது பாடும், அந்தப் பக்கம் தட்டினால் லண்டன். மீற்றர் வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள். கூடச் சத்தம் போடுகிறதுதான் நல்லதென்று சனம் நினைக்கும் என்பது அண்ணனிடம் அவள் படித்த ஒரே பாடம்.

அன்னபூரணம் இசைத்தட்டில் ஊசியை வைத்தாள். ஒரு பெண்குரல், தம்புரா, வேறொன்றும் இல்லை.

கத்தரீனா முதலில் தன்னுடையதைப் பாடவிட்டாள்.

கதிரையில் சாய்ந்திருந்த அரியநாயகம் நிமிர்ந்தார். "அன்னம், மனுசி மூச்செடுக்கிறது கேக்குதே!" என்றார். வாசற்படியில் இருந்த குருசுமுத்து வெற்றிலையை மெல்ல மறந்து வாயைத் திறந்துகொண்டிருந்தான்.

"மற்றதை விடும்" என்றார். சுவிச்சைத் தட்டினாள். "ம். திருப்பி முதலாவது." தட்டினாள். "திருப்பி ரெண்டாவது." தட்டினாள். பேனை கடதாசிக்கு மேலே நின்றது. "முதலாவதுதான் லண்டன் போலை கிடக்கு. ஆனா பொறும், பொறும்." அரியநாயகம் மடையர் அல்ல. வித்தியாசம் சின்னது, சின்னதுக்குக் காது வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் சிறகுகள் முழுச் சூட்டுக்கு வந்தன. வந்ததே ஒரு வெடில்! வாசனைக்குச்சி ஓடி ஒளிந்தது. மீன் காயப்போட்ட வாடியை அப்படியே தூக்கி ஹோலுக்குள் வைத்தாற்போல இருந்தது. கத்தரீனா பதறிப்போய்ச் சிறகைத் தொட்டாள். விரல் வழுக்கியது. அடி என்ரை அம்மா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து மாதம், ஆயிரக்கணக்கான சுற்று, இருபத்து நாலு படி, எல்லாம் ஒரு கரண்டி சுறா எண்ணெயில் போயிற்று என்று நினைத்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் அரியநாயகம் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! இனி என்னத்தைக் கேக்கிறது? இப்ப பாடுறதுதான் உம்முடையது. மணமே சொல்லுதே. பாட்டும் அப்பிடித்தான், குரல் சுவருக்குப் பின்னாலை நிக்குது. ஒரு சொரசொரப்பு. இதைக் கேட்டு மினைக்கெட்டேனே!"

கத்தரீனா கையில் இருந்த சுவிச்சைப் பார்த்தாள். அது லண்டன் பக்கம் கிடந்தது.

ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கொதிக்கிறது இரண்டும், பாடுகிறது ஒன்று. மூக்குக்கு அது எப்படித் தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, வடிவாச் சொல்லுங்கோ. இப்ப பாடுறது ஆரின்ரை பெட்டி?"

"உம்முடையது."

"நிச்சயமோ?"

"மூக்கிலை அடிக்குது, நிச்சயமோ எண்டு கேக்கிறீரோ?"

"எழுதுங்கோ."

"எழுதியாச்சு!"

அவள் பாய்ச்சீலையை இழுத்து விழுத்தினாள். எண்ணெய் புகைந்துகொண்டிருந்த தன்னுடைய பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தாள்.

பாட்டு நிற்கவில்லை. பெண்குரல் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டேயிருந்தது, சுவருக்குப் பின்னால் நின்று, சொரசொரவென்று, லண்டன் பெட்டியிலிருந்து.

அன்னபூரணம் சீலைத்தலைப்பால் பொத்தியது மூக்கையல்ல, வாயை. சிரிப்பு அடங்கவில்லை. அரியநாயகம் சால்வையைக் கீழே விட்டார். கடதாசியைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், திரும்பவும் கடதாசியைப் பார்த்தார். கற்பூர வாசனை அறிந்த மூக்கு நன்றாகச் சிவந்திருந்தது.

"கெட்டிக்காரிதான். ஒப்புக்கொள்ளுறன்" என்றார் கடைசியில். "முதலாவது பாடினதுதான் பாட்டு. பெட்டி இஞ்சையே இருக்கட்டும். எண்ணெயை மட்டும் துடைச்சுவிடும்." தொண்டையைச் செருமினார். "ஒண்டு பிள்ளை. நாலு பெரியாக்கள் வந்து போற ஹோல். அந்தத் தகட்டைக் கழட்டி மூடிக்கு உள்பக்கம் வைச்சால் என்ன? உள்ளுக்கு இருந்தாலும் பேர் பேர்தானே?"

"ஐயா சொல்லுறது நியாயம்தானே தங்கச்சி" என்றான் குருசுமுத்து.

கத்தரீனா பிளக் வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

"ஏழு வருசம் உள்ளுக்கு இருந்தனான் ஐயா. உள்ளுக்கு இருந்தால் பேர் இல்லை. நீங்கள் சொன்ன சொல்லு, முன்பக்கம். அது ஏலாதெண்டால் பெட்டி உங்களுக்கு இல்லை."

"அப்ப இதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீர்? ஊராத்துறையிலை இதை ஆர் வாங்குவினம்?"

"ஒருத்தரும் வாங்கத் தேவையில்லை. நான் வீட்டிலை இருந்து பாட்டுக் கேக்கப்போறன்."

பெட்டியைத் தூக்கினாள். குருசுமுத்து ஓடிவந்து மறுபக்கம் பிடிக்கவேண்டியதாயிற்று. வாசலில் அன்னபூரணம் வழிமறித்தாள். "பாட்டு முடியேல்லையே பிள்ளை. உன்ரையிலை முழுக்கக் கேக்கேல்லை."

"பாட்டுத்தட்டைக் கொண்டு எங்கடை வீட்டுக்கு வாங்கோ அம்மா. ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மீன் வெடில் இருக்கும், சொல்லிப்போட்டன்."

"வாறன்" என்றாள் அன்னபூரணம். புருசனைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

லான்ட்மாஸ்ரர் பாலத்துக்கு வரும்வரை குருசுமுத்து ஒரு சொல் கதைக்கவில்லை. அவன் கதைக்காமல் இருந்ததை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. பாலத்தின் நடுவில் எஞ்சினைக் குறைத்தான்.

"அந்த மனுசி மூச்செடுத்தது எனக்கும் கேட்டதடி" என்றான். "நான் இவ்வளவு காலமும் ஒரு பாட்டையும் கேக்கேல்லைப் போலை கிடக்கு."

இவ்வளவு லேசாக விடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

காவலரணில் அதே பொடியன். விற்கவில்லையா என்று சைகையால் கேட்டுவிட்டு, பித்தளைத் தகட்டில் விரலை ஓட்டினான். தமிழ் எழுத்து அவனுக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதி?" என்றான் தனக்குத் தெரிந்த தமிழில்.

"கத்தரீனா" என்றான் குருசுமுத்து.

"கவுத?" யாரது என்று கேட்டான் பொடியன்.

குருசுமுத்துவின் கை பழக்கதோசத்தில் நெஞ்சுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, வைக்கோலில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவளைக் காட்டியது.

"மகே நங்கி" என்றான், வாய்க்குள்ளே. என்னுடைய தங்கச்சி. "எயா தமய் ஹெதுவே." அவள்தான் செய்தது.

"எனக்குக் கேக்கேல்லை" என்றாள் கத்தரீனா.

"சொல்லிப்போட்டன்தானே."

"கேக்கேல்லையண்ணை. சத்தமெண்டால் கடல் தாண்டோணும் எண்டு ஆர் சொன்னது?"

குருசுமுத்து தங்கச்சியைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான். பிறகு லான்ட்மாஸ்ரரில் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, பெருநாளுக்குப் பாடுகிற தன்னுடைய நாலு கோண் ஸ்பீக்கரும் தோற்றுப்போகக் கத்தினான்.

"என்ரை தங்கச்சி கத்தரீனா! அவள்தான் செய்தவள்!"

பொடியன் காதைப் பொத்தினான். நயினாதீவில் மாடு கயிற்றை அறுத்ததோ தெரியாது. கத்தரீனாவுக்கு வடிவாகக் கேட்டது.